ஐந்து கூழாங்கற்களும் பழகிய கையும்

தியான வாசிப்பு: 1 சாமுவேல் 17:31–50, நியாயாதிபதிகள் 20:12–16, உபாகமம் 22:8



இந்த வாரத் தியானத்தின் பொருள் உங்களில் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். தோட்டாவைப் பற்றி ஒரு போதகர் எழுதலாமா என்று கேட்பவர்களும் இருப்பீர்கள். ஆனாலும் சில மாதங்களாக, ஆராதனை முடிந்து வாசலில் நின்று கைகுலுக்கும் வேளையில், ஜெப உதவி கேட்கும் அதே தணிந்த குரலில் ஒரு கேள்வி என்னிடம் வந்துகொண்டிருக்கிறது: “பாஸ்டர், தற்காப்புக்கு எந்தத் தோட்டா நல்லது?” கேட்கிறவர்கள் சண்டையை நாடுகிறவர்கள் அல்லர். பிள்ளைகளைப் பெற்றவர்கள், இரவில் கதவுத் தாழ்ப்பாளை இருமுறை சோதித்துப் பார்க்கிறவர்கள். அவர்களுடைய கேள்வியை நான் இலேசாக எண்ணவில்லை.

நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கி என்னும் பொருளை வங்கி வாசலில் நின்ற காவலாளியின் தோளில் மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள். இன்று நாம் குடியிருப்பதோ டெக்சாஸில். 2021 செப்டம்பர் முதல், சட்டத் தடை ஏதுமில்லாத 21 வயது நிரம்பிய ஒருவர் இங்கே உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கி ஏந்தலாம். முன்பு உரிமத்துக்காகக் கட்டாயமாயிருந்த வகுப்பும் சுடும் தேர்வும் இப்போது அவரவர் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருக்கின்றன. 2017 நவம்பர் 5-ஆம் தேதி, இதே மாநிலத்தின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில், ஞாயிறு ஆராதனையின்போது 26 உயிர்கள் பறிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. அதற்குப் பிறகு பல சபைகளைப் போலவே நம்முடைய சபையிலும் ஒரு பாதுகாப்புக் குழு உண்டாயிற்று. விசுவாசி ஆயுதம் ஏந்தலாமா கூடாதா என்பதில் நமக்குள்ளேயே இரு மனம் உண்டு. அதை இன்று நான் விவாதிக்கவில்லை. நான் ஆயுதம் ஏந்துகிறவன் அல்லேன். ஆயினும் ஏந்துகிற சகோதரர்களுக்காகவும், அவர்கள் அருகில் உட்கார்ந்து பாடுகிறவர்களுக்காகவும் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவனாயிருக்கிறேன். ஆகையால் குழுவினரோடு பயிற்சிக்கூடத்துக்குப் போய் நின்றேன், கிடைத்த நூல்களை வாசித்தேன், அறிந்தவர்களிடம் கேட்டேன்.

கேட்ட கேள்விக்கு முதலில் நேர்மையாகப் பதில் சொல்லிவிடுகிறேன். முழுவதும் உலோக உறை மூடிய குண்டு, உடலை ஊடுருவி மறுபுறம் வெளியேறக்கூடியது. பயிற்சிக்கு அது ஏற்றது, விலையும் குறைவு. நுனியில் குழி வைத்துச் செய்த குண்டை ‘ஹாலோ பாயிண்ட்’ என்பார்கள். அது உடலுக்குள் நுழைந்ததும் பூப்போல் விரிந்து, பெரும்பாலும் உள்ளேயே நின்றுவிடும். விரியும் குண்டுகளின் வரலாற்றில் நம் தேசத்துக்கும் ஓர் இடமுண்டு. கல்கத்தாவுக்கு அருகே தம்தம் என்னும் இடத்தில் பிரிட்டிஷார் நடத்திய ஆயுதத் தொழிற்சாலையில் 1890-களில் அத்தகைய குண்டுகள் செய்யப்பட்டன; ‘தம்தம் குண்டு’ என்று உலகமே அவற்றை அழைத்தது. 1899-ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் அவற்றைப் போரில் விலக்கியது. அந்தப் பிரகடனம் போருக்கு உரியது. இந்த நாட்டுக் காவலர்கள் ஹாலோ பாயிண்ட் குண்டையே பெரும்பாலும் ஏந்துகிறார்கள். குண்டு உடலுக்குள் நின்றுவிடுமானால், பின்னால் நிற்கும் குற்றமற்றவருக்கு ஆபத்து குறையும் என்பது அதற்கு ஒரு காரணம். ஆகவே நல்ல தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை அன்று. அதிலும் அயலானுக்கான அக்கறை இருக்கிறது.

ஆனால் அந்தத் தேர்வு அரைமணி நேரத்தில் முடிந்துபோகிற காரியம். அதற்குப் பின்னும் மாதக்கணக்கில் அதையே பேசிக்கொண்டிருக்கிறோம் என்றால், வேறு எதையோ பேசாமல் தவிர்க்கிறோம் என்று நான் அஞ்சுகிறேன். தனி மனிதர் மாத்திரம் அல்ல, பெரிய ஸ்தாபனங்களும் இந்த வழியில் நெடுந்தூரம் நடந்து திரும்பியிருக்கின்றன.

1986 ஏப்ரல் 11-ஆம் தேதி மியாமி நகரின் புறப்பகுதி ஒன்றில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப்பேர், வங்கிக் கொள்ளையர் இருவரை மடக்கினார்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஏறத்தாழ 145 முறை சுடப்பட்டது. அதிகாரிகளில் இருவர் மரித்தார்கள், ஐவர் காயமடைந்தார்கள். கொள்ளையரும் அங்கேயே மாண்டார்கள். சண்டையின் தொடக்கத்திலேயே ஓர் அதிகாரியின் 9 எம்.எம். குண்டு, கொள்ளையரில் ஒருவனுடைய கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்து, இருதயத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் முன்னதாக நின்றுபோயிற்று. அந்தக் காயத்தோடும் அவன் தொடர்ந்து போரிட்டான். அதிகாரிகள் இருவரையும் கொன்றது அதற்குப் பிறகே.

துக்கத்தில் ஆழ்ந்த அந்தத் துறை, அந்த ஓர் அங்குலத்தையே திரும்பத் திரும்ப அளந்தது. அதில் நியாயமும் இருந்தது. 10 சதவீத ஜெலட்டின் கட்டியில் குண்டைச் செலுத்தி, தடித்த துணி, ஒட்டுப்பலகை, சுவர்ப்பலகை, தகடு, கார்க் கண்ணாடி ஆகியவற்றைக் கடந்த பின்னும் அது 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவுகிறதா என்று சோதிக்கும் முறை அதன் பின்னரே உருவாயிற்று. இன்று கடையில் விற்கும் நல்ல தற்காப்புத் தோட்டாக்கள் பலவும் அந்தச் சோதனையை மனதில் கொண்டே செய்யப்படுகின்றன. அதோடு, பெரிய தோட்டா வேண்டும் என்று 10 எம்.எம். துப்பாக்கிக்குப் போனார்கள். அதன் பின்னுதைப்பு கடுமையாயிருந்ததால் மருந்தைக் குறைத்தார்கள். 1990-இல் .40 என்னும் நடுத்தர அளவு பிறந்தது. 1990-களின் பிற்பகுதியில் அதை ஏற்றார்கள். 2014-இல் அதே துறையின் பயிற்சிப் பிரிவு எல்லாவற்றையும் மறுபடி ஆராய்ந்து, 9 எம்.எம். அளவுக்கே திரும்பலாம் என்று எழுதிற்று. தோட்டாவின் அமைப்பு இடைப்பட்ட காலத்தில் மிகவும் மேம்பட்டுவிட்டது என்பது ஒரு காரணம். பெரும்பாலான அதிகாரிகள் 9 எம்.எம். துப்பாக்கியால்தான் விரைவாகவும் குறி தவறாமலும் சுட முடிகிறது என்பது மற்றொன்று.

அந்த அறிக்கையில் வேறொரு கணக்கும் இருந்தது. உண்மையான மோதலில் காவல் அதிகாரிகள் சுடும் 10 குண்டுகளில் சராசரியாக 2 அல்லது 3 மாத்திரமே இலக்கில் படுகின்றன. இவர்கள் பயிற்சி பெற்றவர்கள்; சம்பளத்துக்காக ஆயுதம் ஏந்துகிறவர்கள். ஏறத்தாழ 30 ஆண்டுகள் நாம் பேசியது, பட்ட குண்டு என்ன செய்யும் என்பதைப் பற்றி. படாத 7 குண்டுகள் எங்கே போயின?

மியாமி சண்டை எப்படி முடிந்தது என்பதையும் கவனியுங்கள். எட்மண்டோ மிரெலிஸ் என்ற அதிகாரியின் இடது முன்கை தொடக்கத்திலேயே எலும்பு நொறுங்கிப் பயனற்றுப்போயிற்று. அவர் நீண்ட ஷாட்கன்னை ஒற்றைக் கையால் தாங்கி, ஒற்றைக் கையாலேயே தோட்டா ஏற்றி, ஐந்து முறை சுட்டார். பின்பு எழுந்து, கொள்ளையர் இருந்த காரை நோக்கி நடந்து, தம் ரிவால்வரால் ஆறு முறை சுட்டுச் சண்டையை முடித்தார். அதிலிருந்தவை புதுமை ஏதுமில்லாத .38 ஸ்பெஷல் தோட்டாக்கள். பழகிய கை, ஒன்றே மிஞ்சியபோதும், செய்ய வேண்டியதை அறிந்திருந்தது.

இதையெல்லாம் வாசித்தபோது ஏலா பள்ளத்தாக்கு என் நினைவுக்கு வந்தது. சவுல் ராஜா தாவீதுக்குத் தன்னிடமிருந்த மிகச் சிறந்த தளவாடங்களைக் கொடுத்தான். வெண்கலத் தலைச்சீராவும் கவசமும் பட்டயமும் குறையுள்ளவை அல்ல. ஆனால் தாவீது நான்கு அடி நடந்து பார்த்துவிட்டு, தனக்குப் பழக்கமில்லாதவை என்று கழற்றி வைத்தான். அடுத்து அவன் செய்ததை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். அவன் ஆற்றுக்குப் போய் வழவழப்பான கற்களைத் தெரிந்தெடுத்தான். கையில் அகப்பட்ட கல்லைப் பொறுக்கவில்லை. கரடுமுரடான கல் காற்றில் திசை மாறும் என்று கவண் பழகினவனுக்குத் தெரியும். தோட்டாத் தேர்வு அங்கேயும் நடந்தது! ஆனால் ஐந்து கற்களோடு அது முடிந்தது. ஆற்றங்கரையில் அவன் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கவில்லை. அந்தக் கல் நெற்றியில் பதிந்ததற்கு வேறொரு வரலாறு இருந்தது. யாரும் பாராத வனாந்தரத்தில், சில ஆடுகளுக்காக, சிங்கத்துக்கும் கரடிக்கும் எதிரே நின்ற காலம் அது. அவன் சவுலிடம் எடுத்துச் சொன்னதும் அந்தக் காலத்தைத்தான். பையிலிருந்த கல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பயிற்சிக்கூடத்தில் நான் கண்ட ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பயிற்சியாளர் எங்கள் சகோதரர்களின் தோட்டாப் பெட்டிகளை வாங்கி, ஒவ்வொரு மேகசினிலும் மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றிரண்டைக் கலந்து நிரப்பிக் கொடுத்தார். எது எப்போது வரும் என்று சுடுகிறவருக்குத் தெரியாது. உண்மையான தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கி துள்ளுவதால், கை செய்யும் பிழை அந்தத் துள்ளலுக்குள் மறைந்துபோகும். போலித் தோட்டா வரும்போது ‘க்ளிக்’ என்ற ஓசை மட்டுமே கேட்கும். அந்த அமைதியில் குழல்முனை சட்டென்று கீழே தாழ்வதை எல்லோரும் கண்டோம். வெடிக்கப்போகிறது என்ற அச்சத்தில், விசையை அழுத்தும் முன்பே கை துப்பாக்கியை அமுக்கிவிடுகிறது. மிகுந்த விலையுள்ள தோட்டாவை வாங்கி வந்திருந்த இளஞ்சகோதரரின் கையும் தாழ்ந்தது. தோட்டாவின் விலை எவ்வளவாயிருந்தாலும் குழல்முனை காட்டும் இடத்துக்கே அது போகும். ஏழு கெஜத் தூரத்தில் வைத்திருந்த காகிதத்தின் நடுப்பகுதியைத் தவறவிட அந்தச் சிறு அசைவு போதுமானதாயிருந்தது.

அதற்கு மருந்தாகப் பயிற்சியாளர் சொன்னது பணச்செலவு இல்லாதது. துப்பாக்கியை முழுவதும் காலிசெய்து, இருமுறை சோதித்து, தோட்டாக்களை வேறோர் அறையில் வைத்துவிட்டு, பாதுகாப்பான ஒரு சுவரை நோக்கி நாள்தோறும் பத்து நிமிடம் விசையை மெல்ல அழுத்திப் பழக வேண்டும். ஓசை இல்லை, புகை இல்லை, பார்க்க ஆளும் இல்லை. உள்ளறையில் கதவைப் பூட்டிக்கொண்டு செய்யும் ஜெபத்தைப் போலவே, ஒருவன் உண்மையில் எப்படிப்பட்டவன் என்பதை இந்தக் கேளாத உழைப்புதான் உருவாக்குகிறது. தற்காப்புத் தோட்டா 20 கொண்ட ஒரு பெட்டி பலருடைய மேசை இழுப்பறையில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. அதை வாங்கிய அன்றே பாதுகாப்பு வந்துவிட்டதுபோல் மனம் நிம்மதி கொள்கிறது. வேதாகமத்தை வாங்கி அலமாரியில் அடுக்கியவுடன் வேதம் வாசித்த நிறைவு வருவதில்லையா? அதே மயக்கம்தான் இதுவும்.

நம் சபைக்கு இது ஏன் உயிர்ப் பிரச்சினை என்று கேட்டால், ஆராதனை மண்டபத்தின் பின்சுவரைத் தட்டிப் பாருங்கள். அது ஜிப்சம் பலகை. கைத்துப்பாக்கிக் குண்டை அது நிறுத்தாது. அதற்கு அப்பால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹாலோ பாயிண்ட் குண்டு இலக்கினுள் நின்றுவிடும் என்ற நன்மை, இலக்கைத் தொட்ட குண்டுக்கே உரியது. தவறிப்போன குண்டுக்கு எந்தப் பெட்டியின் மேலே அச்சிட்ட வாக்குறுதியும் பொருந்தாது. ஆகவே பயிற்சி என்பது துப்பாக்கிப் பிரியரின் பொழுதுபோக்கு என்று எண்ணாதீர்கள். ஆயுதம் ஏந்துகிறவன் தன் அயலானுக்குச் செலுத்த வேண்டிய கடன் அது.

2019 டிசம்பர் 29-ஆம் தேதி இதே டெக்சாஸில் ஒயிட் செட்டில்மென்ட் என்னும் ஊரின் சபை ஒன்றில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒருவன் ஆராதனை நடுவே எழுந்து சுட்டான். அந்தச் சபையின் பாதுகாப்புக் குழுத் தலைவரும் துப்பாக்கிப் பயிற்சியாளருமான ஜாக் வில்சன் ஒரே ஒரு குண்டால் அதை முடிவுக்குக் கொண்டுவந்தார். எல்லாம் ஏறக்குறைய ஆறு வினாடிகள். சுற்றிலும் மக்கள் நிறைந்திருந்த மண்டபத்தில் அவர் இரண்டாவது குண்டைச் சுட வேண்டியிருக்கவில்லை. அந்த ஆறு வினாடிக்குப் பின்னால் பல ஆண்டுகளின் பழக்கம் இருந்தது. ஆயினும் அதற்குள்ளாகவே சபையார் இருவர் மரித்துப்போனார்கள் என்பதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும். மனிதத் திறமையின் மிகச் சிறந்த நாள்கூட எல்லோரையும் காப்பாற்றவில்லை.

திறமையையே தெய்வமாக்கிக்கொள்ளவும் வேதம் நம்மை விடவில்லை. நியாயாதிபதிகள் புஸ்தகத்தில் பென்யமீன் கோத்திரத்தார் 700 பேர் வருகிறார்கள். இடதுகைப் பழக்கமுள்ள அந்தக் கவண்காரர்கள் மயிரிழையும் தப்பாமல் எறியக்கூடியவர்கள்.  ஆனால் அந்தக் கைகள் யாருக்காகக் கல்லெறிந்தன? கிபியாவில் ஓர் அபலைப் பெண்ணைச் சீரழித்துச் சாகடித்த துன்மார்க்கரை ஒப்புக்கொடுக்க மறுத்த ஜனத்துக்காக. கை தவறவில்லை, இருதயம் தவறிற்று. ஆகவே சுடக் கற்கிறவன், சுடாமலிருக்கவும் கற்க வேண்டும். குரலை உயர்த்திப் பேசுகிற அந்நியன், மனநலம் குன்றிய அயலார், நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்து வரும் சொந்த மகன்: இவர்களை எதிரியிலிருந்து பிரித்தறியும் நிதானத்தைக் கடையில் வாங்க முடியாது.

நம் குழுவில் எல்லோரும் மதிக்கும் ஒரு மூத்த சகோதரர் உண்டு. வகுப்பு முடிந்து இரண்டு வாரம் கழித்து அவர் என்னைத் தனியே அழைத்தார். “பாஸ்டர், முன்போல என் கை நிலையாய் நிற்கவில்லை. நல்ல தோட்டா போட்டிருக்கிறேன் என்று சொல்லி நான் இந்தப் பாரத்தைச் சுமக்கக் கூடாது. வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கட்டுமா?” என்றார். அவர் கண்களை ஏறெடுத்துப் பார்க்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. பல ஆண்டுகள் தாம் சுமந்த பொறுப்பை ஒரு மனிதர் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகக் கீழே இறக்கி வைத்தார். இப்போது ஞாயிறுதோறும் வாசலில் நிற்கிறார். உள்ளே வருகிற ஒவ்வொருவரின் முகத்தையும் பார்க்கிறார், பெயர் கேட்கிறார், கலங்கியிருப்பவரோடு அமர்ந்து பேசுகிறார். பாதுகாப்பு அங்கே தொடங்குகிறது என்று பயிற்சியாளரும் எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

மூப்பர்களோடு கலந்து நாங்கள் எடுத்த தீர்மானங்களை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆராதனையில் பொறுப்பேற்று ஆயுதம் ஏந்துகிறவர், ஆண்டுக்கு இருமுறை தகுதித் தேர்வில் தேற வேண்டும். தோட்டாவைப் பொறுத்தவரை, சோதனையில் நிலைத்த ஒரு ஹாலோ பாயிண்ட் வகையைத் தேர்ந்தெடுத்து, அது அவருடைய துப்பாக்கியில் சிக்காமல் ஓடுகிறதா என்று போதிய அளவு சுட்டுப் பார்த்து, அதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்ள வேண்டும். மிஞ்சும் பணமும் நேரமும் பயிற்சிக்கே.

துப்பாக்கி வைத்திருக்கும் எல்லாக் குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும் என்றும், ஒருவன் அங்கிருந்து விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்றும் நியாயப்பிரமாணம் எச்சரிக்கிறது. பூட்டிய பெட்டகமே துப்பாக்கியுள்ள வீட்டின் கைப்பிடிச்சுவர். 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி, சுடத் தயாராயுள்ள துப்பாக்கியை வைப்பது இம்மாநிலச் சட்டத்தின்படியும் குற்றம். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் அந்தப் பூட்டைச் சோதித்துப் பாருங்கள். பெட்டகம் இல்லாதவர்கள், அடுத்த பெட்டித் தோட்டா வாங்கும் முன் அதை வாங்குங்கள். பண வசதி இல்லையென்றால் என்னிடம் சொல்லுங்கள், சபை உதவும்.

ஜெபிப்போம்.

பரலோகப் பிதாவே, நாங்கள் அஞ்சுகிறவர்கள் என்று நீர் அறிந்திருக்கிறீர். அந்த அச்சத்தை விலைக்கு வாங்கிய பொருள்களால் மூடிவைக்காதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். ஆயுதம் ஏந்துகிற எங்கள் சகோதரருடைய கைகளுக்கு நிதானத்தையும், அவர்களுடைய இருதயத்துக்குத் தாழ்மையையும் தாரும். அவர்கள் அதை ஒருநாளும் பயன்படுத்த நேராதிருப்பதாக. சுவருக்கு அப்பால் பாடிக்கொண்டிருக்கும் எங்கள் சிறு பிள்ளைகளை உம்முடைய செட்டைகளின்கீழ் மறைத்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.